பெயர்வெளியும் பல்குடிமுறையும்: சோலூரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

ஒரே தரவுத்தளக் கொத்தைப் பல அமைப்புகள் பகிர்ந்து பயன்படுத்தும்போது, ஓர் அமைப்பின் தரவு மற்றோர் அமைப்பின் தரவோடு மயங்காதிருக்கப் பெயர்வெளி என்னும் உத்தி கையாளப்படுகிறது. இவ்வுத்தி கணினித் துறையில் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. நீலகிரி மாவட்டம் சோலூர்ப் பகுதியின் ஊர்ப்பெயர்களும் நிலப்பதிவு முறையும் ஒப்புநோக்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. பெயர்வெளி பெயர் மயக்கத்தைத் தீர்க்கிறது. ஆனால் அனுமதி, வளப்பங்கீடு, நிலைத்த அடையாளம் ஆகிய மூன்றையும் அது தானாகத் தருவதில்லை. இம்மூன்றும் தனித்தனியே, பெரும்பாலும் சிக்கல் நேர்ந்த பின்னரே, சேர்க்கப்பட்டன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பெயர்வெளி, பல்குடிமுறை, தரவுத்தளக் கொத்து, சோலூர், கோத்தர் ஊர்கள், புல எண், நிலைத்த அடையாளம்.

முன்னுரை

சோலூரில் நிலம் வைத்திருக்கும் ஒருவர் தம் பட்டா விவரத்தைத் தமிழக அரசின் இணையவழி நிலப்பதிவுச் சேவையில் காண விரும்பினால், புல எண்ணை மட்டும் தந்து அதனைப் பெற இயலாது. முதலில் மாவட்டத்தையும், பின்னர் வட்டத்தையும், அதன்பின் கிராமத்தையும் தெரிவுசெய்த பிறகே புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் இட வேண்டும். பட்டா எண்ணுக்கும் இதுவே முறை. தமிழகத்தில் வருவாய்க் கிராமங்கள் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றில் புல எண்கள் பொதுவாக ஒவ்வொரு கிராமத்துக்கும் 1 முதல் தொடங்குகின்றன. ஆகவே ஒரு புல எண் தன் கிராமத்துக்குள் மட்டுமே ஒரு நிலத்தைச் சுட்டும். கிராமத்தின் பெயரை நீக்கிவிட்டால் அது ஆயிரக்கணக்கான நிலங்களின் எண்ணாகிவிடும்.

இந்த எளிய நடைமுறையில் ஒரு பெரிய கருத்து அடங்கியுள்ளது. கணினி அறிவியலார் அதனைப் பெயர்வெளி என்பர். பல துறைகள், பல நிறுவனங்கள், பல ஆய்வுத் திட்டங்கள் ஒரே தரவுத்தளக் கொத்தில் குடியேறும் இக்காலத்தில், தமிழ் ஆய்வுத் தரவுகளும் அத்தகைய பொது அமைப்புகளையே சார்ந்துள்ளன. அங்கே எது எதனைப் பிரிக்கிறது, எது பிரிப்பதில்லை என்பதை அறியாமல் தரவை ஒப்படைப்பது நல்லதன்று. இக்கட்டுரை நிலப்பதிவு மென்பொருளின் உள்ளமைப்பை ஆராயவில்லை. பயனர் காணும் பெயர்முறையையே ஒப்புமைக்கு எடுத்துக்கொள்கிறது.

1. கருத்து விளக்கம்

ஒரு பெயர் எந்த எல்லைக்குள் ஒன்றை மட்டுமே சுட்டுகிறதோ, அந்த எல்லையே அப்பெயரின் பெயர்வெளி. எல்லைக்குள் பெயர் தனித்து நிற்கும். எல்லையைக் கடக்கும்போது எல்லையின் பெயரையும் முன்னொட்டாக ஏற்கும்.

தமிழ் ஆய்வாளர்க்கு இக்கருத்து புதிதன்று. சங்கப் புலவர் பெயர்கள் பலவற்றில் ஊர், தந்தை பெயர், தொழில் முதலியன அடையாக வருகின்றன. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரில் ஊரும் தந்தையும் சேர்ந்தே ஒருவரைச் சுட்டுகின்றன. தொகுத்தோர் பல ஊர்ப் புலவர்களை ஒரே தொகையில் வைக்க நேர்ந்தபோது இத்தகைய அடைகள் பயன்பட்டன. மாறாக, ஔவையார் என்னும் பெயர் காலமும் இடமும் குறிக்கும் அடையின்றி வழங்கியதால், வெவ்வேறு காலத்துப் புலவர்கள் ஒரே பெயருக்குள் கலந்தனர். எந்தப் பாடல் எந்த ஔவையாருடையது என்று பிரித்தறிவது இலக்கிய வரலாற்றாசிரியர்களின் பணியாயிற்று. பெயர்வெளி இன்மையின் விலையைப் பின்வருவோர் செலுத்த நேர்கிறது என்பதற்கு இது தக்க சான்று.

பல்குடிமுறை என்பது இதனோடு தொடர்புடைய மற்றொரு கருத்து. ஒரே கணினி அமைப்பைப் பல குடிகள் பகிர்வதும், ஒவ்வொரு குடியும் தான் மட்டுமே இருப்பதுபோல் அதனைப் பயன்படுத்துவதும் அதன் இலக்கணம். சென்னை போன்ற நகரங்களில் வழங்கிய ஒண்டுக்குடித்தனம் இதற்கு நெருங்கிய உவமை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அறை உண்டு. கிணறும் முற்றமும் வாசற்கதவும் பொது. அறைக்குத் தனிக் கதவு இருப்பதால் கிணற்று நீர் பங்கிடப்பட்டுவிடுவதில்லை. இவ்வேறுபாடு இக்கட்டுரையின் மையமாக அமைகிறது.

தரவுத்தளக் கொத்து என்னும் தொடர் இரு பொருளில் வழங்குகிறது. போஸ்ட்கிரெஸ் மரபில் ஒரே வழங்கி நிரலின் ஆளுகையில் உள்ள பல தரவுத்தளங்களின் தொகுதியை அது குறிக்கும். எச்பேஸ் போன்ற பரவல் அமைப்புகளில் ஒன்றாக இயங்கும் பல கணினிகளைக் குறிக்கும். இரண்டிலும் குடிகள் பல, உறைவிடம் ஒன்று என்பதே பொதுக்கூறு.

2. மலையின் பெயர்முறை

சோலூர் உதகமண்டலத்துக்கு வடமேற்கே அமைந்த பேரூராட்சி. நீலகிரியின் மரபுவழிப் பிரிவுகளான தொதநாடு, மேக்குநாடு, பொறங்காடு, குந்தா ஆகிய சீமைகளுள் தொதநாட்டைச் சார்ந்தது. படகர்களின் அட்டிகள், தோடர்களின் மந்துகள், கோத்தர்களின் கோக்கால்கள் எனக் குடியிருப்புக்குரிய பொதுச்சொற்களே இம்மலையில் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன.

கோத்தர்களின் ஊர்கள் ஏழு. வெளியார் வழக்கிலும் அரசுப் பதிவுகளிலும் அவை திருச்சிகடி, கொல்லிமலை, சோலூர் கோக்கால், கூடலூர் கோக்கால், புதுக் கோத்தகிரி, கீழ்க் கோத்தகிரி, குந்தா கோத்தகிரி எனப்படுகின்றன. இப்பட்டியலில் இரண்டு கோக்கால்களும் மூன்று கோத்தகிரிகளும் இருப்பது நோக்கத்தக்கது. கோக்கால் என்பது கோத்தர் குடியிருப்பைக் குறிக்கும் பொதுச்சொல். கோத்தகிரி என்பதும் கோத்தர் தெரு என்னும் பொருளுடைய கோத்தகேரியின் திரிபாகவே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதாவது ஐந்து ஊர்களுக்கு வெளியார் தந்தவை இயற்பெயர்கள் அல்ல, வகைப்பெயர்கள். வகைப்பெயரால் ஒன்றைச் சுட்ட முடியாது. ஆகவே சோலூர், கூடலூர், புது, கீழ், குந்தா என்னும் அடைகள் தேவைப்பட்டன.

கோத்தர் தம் மொழியில் இவ்வூர்களை வேறு பெயர்களால் அழைக்கின்றனர். சோலூர் கோக்கால் அவர்களுக்குக் குர்கோஜ். கூடலூர் கோக்கால் கலாச். புதுக் கோத்தகிரி பொர்காட் எனவும், கீழ்க் கோத்தகிரி கினாட் எனவும், குந்தா கோத்தகிரி மேனாட் எனவும் வழங்குகின்றன. இப்பெயர்களுள் எதுவும் மற்றொன்றோடு மயங்குவதில்லை. கோத்தர் தம் பெயர்வெளிக்குள் அடை எதுவும் இன்றியே ஏழு ஊர்களையும் பிரித்தறிந்தனர். அவர்களைப் பொதுப் பெயர்வெளிக்குள் கொண்டுவந்தவர்களுக்குத்தான் அடை தேவைப்பட்டது. 1930களில் கோத்த மொழியை ஆராய்ந்த எமனோவின் பதிவுகளிலும், அதே காலத்தில் அங்குக் களஆய்வு செய்த மாண்டல்பாமின் எழுத்துகளிலும் இவ்வூர்களின் கோத்தப் பெயர்கள் இடம்பெறுகின்றன. தோடர் மந்துகளுக்கும் இத்தகைய இரட்டைப் பெயர்கள் இருந்ததை 1906இல் வெளிவந்த ரிவர்ஸின் நூல் காட்டுகிறது.

இதிலிருந்து இரு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, பெயர் மயக்கம் பொருள்களின் இயல்பன்று. பெயர்வெளிகள் ஒன்றாக இணைக்கப்படும்போதே அது தோன்றுகிறது. இரண்டாவது, இணைப்பவர் எவரோ அவரே அடையைத் தெரிவுசெய்கிறார். சோலூர் கோக்கால் என்னும் பெயர், கோத்தர் ஊரை அருகிலுள்ள வேறோர் ஊரைக்கொண்டு அடையாளப்படுத்துகிறது. அவ்வூரார் தம்மை அவ்வாறு அடையாளப்படுத்திக்கொள்ளவில்லை.

3. புல எண்ணும் மாறும் எல்லைகளும்

ஆங்கிலேயர் ஆட்சியில் நீலகிரியில் முதலில் நடைமுறையில் இருந்த நிலமுறையை அக்காலப் பதிவுகள் புர்த்தி முறை என்கின்றன. உழவர் ஒரு குறிப்பிட்ட பரப்பளவுக்கு வரி செலுத்தினர். ஆனால் ஆண்டுதோறும் அதே இடத்தில் பயிரிட வேண்டியதில்லை. உரிமை அளவைச் சார்ந்திருந்தது, இடத்தைச் சார்ந்திருக்கவில்லை. இம்முறை 1860களில் கைவிடப்பட்டது. 1880களில் நடைபெற்ற நிலஅளவையும் வரித்திட்டமும் ஒவ்வொரு நிலத்துக்கும் நிலையான எல்லையையும் எண்ணையும் உறுதிப்படுத்தின. கிராமம் பெயர்வெளியாயிற்று, புல எண் அதற்குள் பெயராயிற்று. பின்னர் 1979இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் திட்டம், உட்பிரிவுகளையும் பட்டாக்களையும் நடப்பு நிலைக்கேற்பத் திருத்தியமைத்தது. கணினிமயமாக்கத்தின்போது வட்ட வாரியாக இருந்த பதிவுகள், பிற்காலத்தில் தமிழ்நிலம் என்னும் மாநில அளவிலான அமைப்புக்குள் வந்தன.

தனித்தனி ஏடுகள் ஒரே அமைப்புக்குள் வரும்போது ஊர்ப்பெயர்களே மோதிக்கொள்கின்றன. நீலகிரியில் உள்ளது போலவே ஆம்பூர் அருகிலும் ஒரு சோலூர் உண்டு. கர்நாடக மாநிலத்திலும் அப்பெயருடைய ஊர் உண்டு. கோயம்புத்தூரை அடுத்த சூலூரை ஆங்கில எழுத்துகளில் தேடுவோர் சோலூரோடு மயங்குதல் எளிது. ஆகவே கிராமத்துக்கு வட்டமும், வட்டத்துக்கு மாவட்டமும் அடையாகின்றன.

ஆனால் அடையாக நிற்கும் எல்லைகள் நிலைத்தவை அல்ல. ஆம்பூர்ப் பகுதி 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்து, அவ்வாண்டு திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்றது. அங்குள்ள சோலூர் தன் இடத்திலிருந்து நகரவில்லை. அதன் முழுப்பெயர் மட்டும் மாறியது. நீலகிரியின் வரலாறு இதனினும் சிக்கலானது. கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த மலையின் மேற்குப் பகுதி 1830இல் மலபார் மாவட்டத்துக்கு மாற்றப்பட்டு, 1843இல் மீண்டும் கோயம்புத்தூருடன் சேர்க்கப்பட்டது. 1868இல் நீலகிரி தனி ஆணையரின் கீழ்ப் பிரிக்கப்பட்டது. 1877இல் தென்கிழக்கு வயநாடு அதனுடன் இணைக்கப்பட்டது. 1882இல் ஆணையருக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் பொறுப்பேற்றார். இம்மலையின் ஓர் ஊரைப் பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களைத் தேடும் ஆய்வாளர், ஆண்டுக்கேற்ப வெவ்வேறு மாவட்டங்களின் பெயரில் தேட நேர்வது இதனாலேயே. பெயர்வழியே அடையாளமாக இருக்கும் அமைப்பில், எல்லை மாறினால் பழைய சுட்டுகள் இலக்கை இழக்கின்றன.

4. தரவுத்தளத்தில் பெயர்வெளியின் வளர்ச்சி

எட்கர் காட் 1970இல் உறவுசார் தரவு மாதிரியை வெளியிட்டார். அதில் அட்டவணைகள் பெயரால் சுட்டப்பட்டன. தொடக்கத்தில் பயனர் பெயரே அட்டவணைக்கு அடையாக நிற்கும் வழக்கம் இருந்தது. ஆரக்கிள் தரவுத்தளத்தில் பயனரும் ஸ்கீமாவும் நெடுங்காலம் ஏறத்தாழ ஒன்றாகவே கருதப்பட்டன. 1992ஆம் ஆண்டின் எஸ்கியூஎல் தரம், பட்டியல், ஸ்கீமா, அட்டவணை என மூவுறுப்புப் பெயரை வரையறுத்தது. மாவட்டம், வட்டம், கிராமம் என்னும் படிநிலையோடு இதனை ஒப்பிடலாம்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2002 நவம்பரில் வெளிவந்த 7.3 பதிப்பிலேயே ஸ்கீமாக்கள் சேர்க்கப்பட்டன. அதற்குமுன் ஒரு தரவுத்தளத்துக்குள் அட்டவணைப் பெயர்கள் அனைத்தும் ஒரே தளத்தில் இருந்தன. இரு பயனர்கள் ஒரே பெயரில் அட்டவணை வைத்திருக்க இயலாது. ஸ்கீமாக்களைப் பதிவுசெய்யும் உள் அட்டவணைக்கு அவ்வமைப்பினர் பெயர்வெளி என்னும் பொருள் தரும் பெயரையே இட்டனர். ஸ்கீமா முதன்மையாக ஒரு பெயரிடும் கருவி என்பதை இது நேரடியாக உணர்த்துகிறது. மைஎஸ்கியூஎல் மரபில் ஸ்கீமாவும் தரவுத்தளமும் ஒரே பொருளன.

பரவல் தரவுத்தளங்களிலும் இதே வரிசை காணப்படுகிறது. கூகுளின் பிக்டேபிள் கட்டுரை 2006இல் வெளிவந்தது. அதனைப் பின்பற்றி எச்பேஸ் உருவானது. தொடக்கத்தில் அதன் அட்டவணைகள் ஒரே நீண்ட பட்டியலாக இருந்தன. 2013இன் 0.96 பதிப்பில் பெயர்வெளிகள் வந்தன. அமைப்பின் சொந்த அட்டவணைகளுக்கு ஒன்று, பெயர்வெளி குறிக்கப்படாத அட்டவணைகளுக்கு ஒன்று என இரண்டு பெயர்வெளிகள் இயல்பாக அமைந்தன. பிறவற்றைக் குடிகளுக்கென உருவாக்கிக்கொள்ளலாம்.

5. மூவகைக் குடியமைப்பு

பகிர்வமைப்பில் குடிகளைப் பிரிக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, குடி ஒவ்வொன்றுக்கும் தனித் தரவுத்தளம். பிரிவு வலிமையானது, பராமரிப்புச் செலவு மிகுதி. இரண்டாவது, ஒரே தரவுத்தளத்துக்குள் குடிக்கொரு பெயர்வெளி. பெயர்கள் பிரிந்திருக்கும், நினைவகமும் செயலியும் பொது. மூன்றாவது, அனைவர்க்கும் ஒரே அட்டவணைகள்; ஒவ்வொரு வரிசையிலும் குடியின் அடையாள எண் இருக்கும். 1999இல் நிறுவப்பட்ட சேல்ஸ்ஃபோர்ஸ் இம்மூன்றாம் வழியால் பெயர்பெற்றது. செலவு குறைவு, ஆனால் வினவல் ஒன்றில் குடியின் எண்ணைக் குறிக்கத் தவறினால் ஒருவர் தரவு மற்றவர்க்குத் தெரிந்துவிடும்.

தமிழ் வாசகர் நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு பல்குடி அமைப்பு விக்கிமீடியா நிறுவனத்தின் தரவுத்தளக் கொத்து. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா, விக்சனரி, விக்கிமூலம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தரவுத்தளங்கள் உண்டு. ஆனால் அவை பிற மொழி விக்கிகளோடு வழங்கிகளைப் பகிர்கின்றன. ஆங்கில விக்கிப்பீடியா போன்ற பெருங்குடிக்குத் தனி வழங்கிக் குழு உண்டு. சிறிய விக்கிகள் நூற்றுக்கணக்கில் ஒரே குழுவில் வாழ்கின்றன. ஒவ்வொரு விக்கிக்குள்ளும் மீண்டும் பெயர்வெளிகள் உள்ளன. பக்கங்களுக்கான அட்டவணையில் தலைப்பு மட்டும் தனித்தன்மை உடையதாகக் கொள்ளப்படுவதில்லை. பெயர்வெளி எண்ணும் தலைப்பும் சேர்ந்தே ஒரு பக்கத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே ஓர் ஊரைப் பற்றிய கட்டுரையும் அதன் பேச்சுப் பக்கமும் ஒரே தலைப்பில் மோதலின்றி இருக்கின்றன. ஒரே பெயருடைய பல ஊர்கள் ஒரே பெயர்வெளிக்குள் வந்தால் பக்கவழி நெறிப்படுத்தல் தேவைப்படுகிறது. அங்கே தலைப்போடு மாவட்டப் பெயரோ வேறோர் அடையோ சேர்கிறது.

விக்கிமீடியாவின் வரலாற்றில் கோத்தர் ஊர்ப்பெயர்களை நினைவூட்டும் ஒரு நிகழ்வும் உண்டு. தொடக்கத்தில் ஒவ்வொரு விக்கியிலும் பயனர் கணக்குகள் தனித்தனியாக இருந்தன. வெவ்வேறு விக்கிகளில் ஒரே பெயரை வெவ்வேறு மனிதர் வைத்திருக்கலாம். 2015இல் எல்லாக் கணக்குகளும் ஒரே பொதுப் பெயர்வெளிக்குள் ஒருங்கிணைக்கப்பட்டன. மோதிய பெயர்களுள் ஒன்று மட்டுமே தனித்து நின்றது. ஏனையவற்றின் பின்னால் அவை இருந்த விக்கியின் தரவுத்தளப் பெயர் ஒட்டாகச் சேர்க்கப்பட்டது. தம் ஊரில் அடையின்றி அறியப்பட்டவர் பொது வெளியில் அடையோடு நிற்க நேர்ந்தது. குர்கோஜ் சோலூர் கோக்கால் ஆனதும் இதுவும் ஒரே இயக்கத்தின் இரு நிகழ்வுகள் எனலாம்.

6. பெயர்வெளி தராத மூன்று

6.1 அனுமதி

போஸ்ட்கிரெஸில் அடையின்றி ஒரு பெயரை எழுதினால், தேடுவழி என்னும் பட்டியலில் உள்ள ஸ்கீமாக்களில் அப்பெயர் வரிசையாகத் தேடப்படும். இயல்பான தேடுவழியில் பயனரின் சொந்த ஸ்கீமாவும் அடுத்துப் பொது ஸ்கீமாவும் இருந்தன. பொது ஸ்கீமாவில் எவரும் புதியன படைக்கலாம் என்னும் நிலை நெடுங்காலம் நீடித்தது. இதனால் ஒரு குடி அங்கே ஒரு செயற்கூற்றைத் தக்க பெயரில் படைத்து வைத்தால், மற்றொரு குடியின் வினவல் தான் எண்ணியதற்கு மாறாக அதனை இயக்க வாய்ப்பு இருந்தது. 2018இல் இது பாதுகாப்புக் குறையாக அறிவிக்கப்பட்டது. 2022இல் வெளிவந்த 15ஆம் பதிப்பில்தான் பொது ஸ்கீமாவில் படைக்கும் உரிமை எல்லாப் பயனர்க்கும் இயல்பாகத் தரப்படுவது நிறுத்தப்பட்டது. ஸ்கீமாக்கள் அறிமுகமாகி அதற்குள் இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. வரிசை அளவிலான அனுமதிக் கட்டுப்பாடும் 2016இல் வந்த 9.5 பதிப்பிலேயே சேர்ந்தது. மேலும், போஸ்ட்கிரெஸ் கொத்தில் பயனர் பெயர்கள் தரவுத்தளத்துக்குள் அடங்குவன அல்ல. கொத்து முழுமைக்கும் பொதுவானவை. பெயர்வெளி அனுமதியை நிறுத்துவதற்குரிய இடத்தைத் தருகிறது, அனுமதியைத் தருவதில்லை.

6.2 வளப்பங்கீடு

ஒரு குடி பெரும் வினவல் ஒன்றை இயக்கினால் பிற குடிகளின் வினவல்கள் தாமதமாகும். அட்டவணைகள் வெவ்வேறு பெயர்வெளிகளில் இருப்பது இதனைத் தடுக்காது. வட்டும் நினைவகமும் பெயர்களை அறிவதில்லை. எச்பேஸில் பெயர்வெளிகள் வந்த பிறகு, 2015இன் 1.1 பதிப்பில் வேண்டுகோள்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கும் வசதி வந்தது. 2018இன் 2.0 பதிப்பில் வழங்கிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குடியின் அட்டவணைகளைக் குறிப்பிட்ட குழுவில் மட்டும் வைக்கும் வசதி வந்தது. முதலில் பெயர், பின்னர் அளவு, அதன்பின் இடம் என்பதே அவ்வளர்ச்சியின் வரிசை. நீலகிரியின் நிலமுறையில் அளவு முன்னும் இடம் பின்னுமாக வந்தன. வரிசை எதுவாயினும், அளவும் இடமும் பெயரும் வெவ்வேறு உரிமைகள் என்பதையும், ஒன்றைப் பெற்றவர் ஏனையவற்றையும் பெற்றவர் ஆகார் என்பதையும் இரு வரலாறுகளும் உணர்த்துகின்றன.

6.3 நிலைத்த அடையாளம்

ஒரு குடி வளர்ந்து வேறு கொத்துக்கு மாற நேர்ந்தால் அதன் முழுப்பெயர் மாறுகிறது. நிரல்களிலும் அறிக்கைகளிலும் பிற அமைப்புகளிலும் பழைய முழுப்பெயரை எழுதி வைத்தவை அனைத்தும் பயனற்றுப் போகின்றன. இதனைத் தவிர்க்கத் தரவுத்தள அமைப்பாளர் பொருள் குறியாத அடையாள எண்ணைப் பயன்படுத்துவர். பெயர் மாறலாம், எண் மாறாது. பெயருக்கும் எண்ணுக்கும் உள்ள தொடர்பைத் தனி அட்டவணை காக்கும்.

நிலப்பதிவும் இத்திசையில் செல்கிறது. ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவு, நாட்டின் ஊர்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் தனித்த குறியெண்களைத் தருகிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் அதன் புவியமைவின் அடிப்படையில் 14 எழுத்தெண் கொண்ட தனித்த அடையாளத்தைத் தரும் நடுவண் அரசின் திட்டம் 2021இல் தொடங்கப்பட்டது. மாவட்டம் பிரிந்தாலும் நிலத்தின் அடையாளம் மாறாதிருக்க இது வழிசெய்கிறது. எனினும் 14 எழுத்தெண்ணை எவரும் பேச்சில் வழங்கப் போவதில்லை. மனிதர்க்குப் பெயரும் பொறிக்கு எண்ணும் தேவை. இரண்டையும் இணைக்கும் பொறுப்பைப் பதிவேடு ஏற்க வேண்டும்.

7. தமிழ் ஆய்வுத் தரவுகளுக்கான முன்மொழிவு

நிலப்பதிவின் படிநிலை வருவாய்க் கிராமத்தோடு நிற்கிறது. அட்டிகளும் மந்துகளும் கோக்கால்களும் பெரும்பாலும் ஒரு வருவாய்க் கிராமத்தின் உட்குடியிருப்புகளே. பட்டாவைத் தேடுபவர் தெரிவுசெய்யும் படிகளுள் அவற்றுக்கு இடமில்லை. வரி நிர்வாகத்துக்கு இது போதுமானதாக இருக்கலாம். வாய்மொழி வழக்காறு, ஊர்ப்பெயராய்வு, பழங்குடி வரலாறு ஆகியவற்றின் தரவுகளைத் தொகுப்போர் அதே படிநிலையைப் பின்பற்றினால், அப்பதிவுகள் அனைத்தும் சோலூர் என்னும் ஒரே பெயருக்குள் கலந்துவிடும். பிற்கால ஆய்வாளர் ஔவையார் சிக்கலை இங்கே மீண்டும் சந்திப்பர்.

எனவே பகிர்ந்த கொத்துகளில் இத்தகைய தரவுகளைச் சேமிப்போர் பின்வருவனவற்றைக் கருதலாம்.

அ) ஒவ்வொரு குடியிருப்புக்கும் பொருள் குறியாத நிலைத்த எண் ஒன்றைத் தருதல். நிர்வாக எல்லை அவ்வெண்ணின் பகுதியாக இருத்தல் கூடாது.

ஆ) கோத்தம், தோடம், படகம், தமிழ், வருவாய்ப் பதிவு ஆகிய ஒவ்வொன்றையும் தனிப் பெயர்வெளியாகக் கொண்டு, ஒரே எண்ணுக்குப் பல பெயர்களை இணைத்தல். குர்கோஜ், சோலூர் கோக்கால் ஆகிய இரண்டும் இணையான நிலை உடையன. ஒன்றை இயற்பெயராகவும் மற்றதை மாற்றுப்பெயராகவும் வரிசைப்படுத்துதல் தேவையற்றது.

இ) ஒவ்வொரு நிர்வாகச் சார்புக்கும் தொடக்க ஆண்டையும் முடிவு ஆண்டையும் குறித்தல். 1835ஆம் ஆண்டின் ஆவணம் மலபார் மாவட்டத்தின் பெயரில் இருப்பின், அது இவ்வாறே நீலகிரி ஊரோடு இணைக்கப்பட முடியும்.

ஈ) பெயர்வெளியைத் தந்ததோடு நில்லாமல், எவர் படிக்கலாம், எவர் திருத்தலாம், எவ்வளவு வளம் பயன்படுத்தலாம் என்பவற்றைத் தனித்தனியே வரையறுத்தல். சமூகத்தார் வெளியிட விரும்பாத வழிபாட்டுச் செய்திகளும் பாடல்களும் களஆய்வுத் தரவுகளில் இடம்பெறுவது உண்டு. அவற்றைத் தனிப் பெயர்வெளியில் வைப்பது மட்டுமே பாதுகாப்பு ஆகாது.

இவற்றுள் இரண்டாவது முன்மொழிவு தொழில்நுட்ப அளவில் எளிது, செயல்படுத்துதல் அரிது. ஓர் ஊரின் பெயரை அவ்வூரார் வழங்கும் ஒலியிலேயே பதிவுசெய்ய அவ்வூராரிடம் கேட்க வேண்டும். அட்டவணையின் வடிவமைப்பு அக்கேள்விக்கு இடம் வைத்திருந்தால்தான் களஆய்வாளர் அதனைக் கேட்பார். வெற்றுக் கட்டம் ஒன்று இருப்பதே ஒரு நினைவூட்டல்.

முடிவுரை

பெயர்வெளி கணினித் துறையில் தோன்றிய புதுமை அன்று. பலவற்றை ஒன்றாகத் தொகுக்க நேரும் இடங்களில் எல்லாம் மனிதர் கைக்கொண்ட உத்தியே அது. சங்கப் பாடல்களைத் தொகுத்தோரும், நீலகிரியின் ஊர்களைப் பட்டியலிட்ட அலுவலரும், தரவுத்தளம் வடிவமைத்தோரும் ஒரே சிக்கலை எதிர்கொண்டு ஒத்த தீர்வை அடைந்தனர்.

தரவுத்தள வரலாறு காட்டும் கூடுதல் உண்மை, அத்தீர்வின் எல்லை பற்றியது. போஸ்ட்கிரெஸில் ஸ்கீமாவுக்கும் பொது ஸ்கீமாவின் கட்டுப்பாட்டுக்கும் இடையே இருபது ஆண்டுகள் இருந்தன. எச்பேஸில் பெயர்வெளிக்குப் பின்னர்தான் வேண்டுகோள் வரம்பும் வழங்கிக் குழுக்களும் வந்தன. நிலப்பதிவில் கிராமவாரிப் புல எண்ணுக்கும் நிலைத்த நில அடையாளத்துக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்துள்ளது. பெயரைப் பிரித்தவுடன் குடிகள் பிரிந்துவிட்டதாகக் கொண்ட நம்பிக்கையே இடைக்காலச் சிக்கல்களுக்குக் காரணமாயிற்று.

தமிழ் ஆய்வு நிறுவனங்கள் தம் தரவுகளைப் பகிர்ந்த கொத்துகளுக்கு மாற்றும்போது இந்த இடைவெளியைத் தவிர்க்க முடியும். அனுமதியும் பங்கீடும் அடையாளமும் முதல் நாளிலேயே வரையறுக்கப்பட வேண்டும். எந்தப் பெயர் அடையின்றி நிற்கும், எந்தப் பெயர் அடை ஏற்கும் என்னும் முடிவையும் தொழில்நுட்பரிடம் மட்டும் விட்டுவிடலாகாது. சோலூர் கோக்கால் என்று பதிவேட்டில் எழுதப்படும் ஊருக்கு அங்கு வாழ்வோர் வழங்கும் பெயர் ஒன்று உண்டு. அதற்கும் அட்டவணையில் ஒரு கட்டம் இருத்தல் வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிவு.